நேவி ப்ளூவுக்கு வெள்ளை மட்டும்தானா?

கேள்வி: அழுக்கு தெரியாது என்று ஆபீஸுக்கு நேவி ப்ளூ குர்த்திகளாகவே வாங்கி வைத்திருக்கிறேன். எல்லாவற்றுக்கும் வெள்ளை லெகிங்ஸ், வெள்ளைத் துப்பட்டாதான். “ஸ்கூலுக்குக் கிளம்பிட்டீங்களா?” என்று கூட வேலை செய்பவர்கள் கேலி செய்கிறார்கள். வேறு என்ன நிறம் போடலாம்?
– வாசகி, திருநெல்வேலி

பதில்: குர்த்திகள் அப்படியே இருக்கட்டும். துப்பட்டாவை மாற்றுங்கள். முகத்தை ஒட்டி இருக்கிற துணி அதுதான்.

முதலில் கடுகு மஞ்சளில் ஒன்று வாங்குங்கள். நிறங்களை வட்டமாக அடுக்கிக் காட்டும் நிறச் சக்கரத்தில் நீலத்துக்கு எதிர்ப்பக்கம் ஆரஞ்சு, மஞ்சள் குடும்பம் இருக்கிறது. அதனால் ஒன்றை ஒன்று தூக்கிக் காட்டும். எலுமிச்சை மஞ்சள் வேண்டாம், ஆபீஸுக்கு அது ரொம்பப் பளிச். செட்டிநாட்டுக் கண்டாங்கிச் சேலைகளில் கடுகு மஞ்சள், செங்கல் சிவப்பு, கறுப்பு மூன்றும் கட்டம் கட்டமாக வரும். கறுப்பு இருக்கும் இடத்தில் நேவியை வைத்தாலும் அந்தச் சேர்க்கை எடுப்பாக இருக்கும். ஆகவே இரண்டாவது துப்பட்டா செங்கல் சிவப்பு. மென்மையாக வேண்டும் என்கிற நாளுக்கு வெங்காயக் கலர்.

மெரூன் போடுங்கள் என்று பலரும் சொல்வார்கள். எனக்கு அதில் அவ்வளவு சம்மதமில்லை. இரண்டுமே அடர்நிறம், கொஞ்சம் தள்ளி நின்று பார்த்தால் ஒன்றுக்குள் ஒன்று அமுங்கிவிடும். மெரூனில் சந்தன நிற பார்டரோ ஜரிகையோ இருந்தால் சரி. சந்தேகம் வந்தால் இரண்டு துணியையும் சேர்த்து வைத்து, போனில் கறுப்பு வெள்ளையில் ஒரு படம் எடுத்துப் பாருங்கள். இரண்டும் ஒரே சாம்பலாகத் தெரிந்தால் அந்த ஜோடியை விட்டுவிடலாம். நிறத்தின் பெயரைவிட வெளிர், அடர்த்தி வித்தியாசம்தான் இங்கே முக்கியம்.

லெகிங்ஸுக்கு சந்தனம் அல்லது வெளிர் சாம்பல். கறுப்பு வேண்டவே வேண்டாம். டியூப்லைட்டில் நேவியும் கறுப்பும் ஒன்றுபோல இருக்கும். வெயிலில் இறங்கினால், அவசரத்தில் மாற்றி எடுத்துப் போட்டதுபோல் ஆகிவிடும். வாங்கும்போதே குர்த்தி ஒன்றைக் கையோடு கொண்டுபோய், கடை வாசல் வெளிச்சத்தில் சேர்த்துப் பாருங்கள். கடைக்காரர் முறைத்தால் முறைக்கட்டும்.

வெள்ளைத் துப்பட்டாவையும் தூக்கிப் போட வேண்டாம். கீழே சாம்பல் லெகிங்ஸ் வந்துவிட்டாலே ஸ்கூல் யூனிஃபார்ம் சாயல் போய்விடும்.

அப்புறம், புது நேவி குர்த்தி முதல் சில தடவை சாயம் விடலாம். துப்பட்டாக்களோடு சேர்த்து ஊறப்போடாதீர்கள். உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பி, நிழலில் காயப்போடுங்கள். திருநெல்வேலி வெயிலுக்கு நேவி சீக்கிரம் வெளுத்துவிடும்.