ராஜாவோட சாமான் எல்லாம் எங்கே?

அன்புள்ள ஐயா,

நாங்கள் மூன்று வருடமாக ஷாங்காயில் இருக்கிறோம். அக்டோபர் முதல் வார விடுமுறையில் கணவரோடும் பத்து வயது மகளோடும் பெய்ஜிங் போய்வந்தேன். உங்கள் சீனப் பயணக் கட்டுரைகளைப் படித்துவிட்டு ஆசையோடு போனேன். உண்மையைச் சொன்னால் ஏமாற்றம்தான். ஊதா நகரம் என்கிற பழைய சக்கரவர்த்தி அரண்மனையில் ஒரு முற்றம், ஒரு மண்டபம், மறுபடி முற்றம், மறுபடி மண்டபம். எல்லாம் சிவப்புச் சுவர், மஞ்சள் ஓடு. உள்ளே போக விடுவதில்லை. வாசலில் முண்டியடித்து எட்டிப் பார்த்தால் இருட்டில் ஒரு நாற்காலி தெரிகிறது. வெளியே வந்ததும் மகள் கேட்டாள்: "ராஜாவோட சாமான் எல்லாம் எங்கேம்மா?" எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. கோடை அரண்மனை மட்டும் ஏரியும் படகுமாக நன்றாக இருந்தது. ஜனவரியில் கணவருக்கு மறுபடி அங்கே வேலை இருக்கிறது. கூடப் போகலாமா, போனால் எதைப் பார்ப்பது?

சு.

அன்புள்ள சு.,

போங்கள், மகளையும் கூட்டிக்கொண்டு போங்கள். அக்டோபர் முதல் வாரத்தில் அந்த நாடு முழுக்கப் பயணத்தில் இருக்கும். அப்போது போனால் முன்னால் நிற்பவரின் முதுகைத்தான் பார்க்க முடியும். ஜனவரியில் குளிர் கடுமை, ஆனால் கூட்டம் குறைவு.

மகளின் கேள்வியை நான் பெரிதாக எடுத்துக்கொள்கிறேன். முதல் தடவை போனபோது எனக்குள்ளும் அதுதான் ஓடியது. கேட்டால் விஷயம் தெரியாதவன் என்று நினைப்பார்களோ என்று வாயை மூடிக்கொண்டு திரும்பிவிட்டேன். பிறகு அதன் பின்னாலேயே போய்ப் படித்தபோதுதான் அந்த இடம் எனக்குத் திறந்தது.

நீங்கள் எட்டிப் பார்த்த அந்தப் பெரிய மண்டபம் தாய்ஹ தியன். அங்கே சாமான் என்று அதிகம் எப்போதுமே இருந்ததில்லை. முடிசூட்டு, புத்தாண்டு, சக்கரவர்த்தியின் பிறந்தநாள் என்று வருடத்தில் சில நாட்கள்தான் அதைத் திறப்பார்கள். அதன் முன்னால் இருக்கிற முற்றம் ஏறக்குறைய 30,000 சதுர மீட்டர். அதில் ஒரு மரம்கூடக் கிடையாது, கவனித்தீர்களா? விடிவதற்கு முன்பே அதிகாரிகள் வந்து, பதவி வரிசைப்படி அந்தத் திறந்த வெளியில் நிற்பார்கள். மூன்றடுக்கு வெள்ளைக்கல் மேடைக்கு மேலே, மண்டபத்தின் இருட்டுக்குள் சக்கரவர்த்தி இருப்பார். கீழே நிற்பவருக்கு அவர் முகம்கூடத் தெரியாது. நீங்கள் இருட்டில் ஒரு நாற்காலியைத்தான் பார்த்தேன் என்கிறீர்கள். அன்றைக்கு அங்கே நின்றவர்கள் பார்த்ததும் ஏறக்குறைய அதுதான்.

அதனால் ஜனவரியில் போகும்போது தெற்கு வாசலிலிருந்து மெதுவாக நடந்து வாருங்கள். அந்த வாசலின் நடுவழி சக்கரவர்த்திக்கு மட்டுமே உரியது. மகாராணி கல்யாணத்தன்று ஒரு தடவை அதன் வழியே வரலாம். அரண்மனைத் தேர்வில் முதல் மூன்று இடம் பிடித்தவர்கள் ஒரு தடவை அதன் வழியே வெளியேறலாம். எங்கிருந்தோ ஒரு கிராமத்திலிருந்து வந்து, பல வருடம் படித்து, வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை அந்த வழியில் நடந்து போன பையனை நினைத்துக்கொண்டு உங்கள் மகளை அங்கே நிற்கச் சொல்லுங்கள்.

சரி, சாமான் விஷயத்துக்கு வருகிறேன்.

மண்டபங்களுக்குப் பக்கத்தில் ஆள் உயரத்துக்குக் கொஞ்சம் குறைவான பெரிய உலோகக் கொப்பரைகளைப் பார்த்திருப்பீர்கள். அலங்காரம் என்று நினைத்துத் தாண்டிப் போய்விடுகிறோம். அவை தீயணைக்கத் தண்ணீர் வைத்த கொப்பரைகள். யோங்ல சக்கரவர்த்தி 1406இல் தொடங்கி 1420இல் அரண்மனையைக் கட்டி முடித்தார். அடுத்த வருடமே இடி விழுந்து மூன்று பெரிய மண்டபங்களும் எரிந்துபோயின. முழுக்க மரம், வேறென்ன ஆகும்? திரும்பக் கட்ட இருபது வருடம் ஆயிற்று. பிறகும் எரிந்தது, பிறகும் கட்டினார்கள். இன்று நிற்கிற தாய்ஹ தியன் 1690களில் கட்டியது. நெருப்பு பயம் அந்த அரண்மனையை விட்டுப் போகவே இல்லை. குளிர்காலத்தில் தண்ணீர் உறைந்துவிடாமல் இருக்கக் கொப்பரைக்கு அடியில் கரி போட்டு மூட்டுவார்கள். அதற்காகவே அடியில் இடம் விட்டிருக்கிறார்கள், குனிந்தால் தெரியும்.

அந்தக் கொப்பரைகளில் சிலவற்றுக்குப் பொன்முலாம் பூசியிருந்தார்கள். அதில் ஒன்றின் பக்கத்தில் நான் ரொம்ப நேரம் நின்றேன். தூரத்திலிருந்து பார்த்தால் பழுப்பேறிய வெறும் உலோகம். கிட்டே போனால் கோடு கோடாக, மேலிருந்து கீழாகவும் குறுக்காகவும், நகத்தால் பிறாண்டியதுபோல் நூற்றுக்கணக்கான கீறல்கள். கீறல்களுக்கு நடுவே அங்கங்கே திட்டுத் திட்டாக மஞ்சள். 1900இல் எட்டு நாட்டுப் படைகள் பெய்ஜிங்குக்குள் புகுந்தபோது சிப்பாய்கள் துப்பாக்கி முனைக் கத்தியால் பொன்னைச் சுரண்டியதன் தடம் அது. மகளுக்கு முதலில் இதைக் காட்டுங்கள். ராஜாவோட சாமான் எங்கே என்ற கேள்விக்கு அந்தக் கீறல் பாதி பதில் சொல்லிவிடும்.

பதிலின் இன்னொரு பகுதிக்கு நீங்கள் யுவான்மிங்யுவான் என்ற, இப்போது இடிபாடாகக் கிடக்கும் அரண்மனைத் தோட்டத்துக்குப் போக வேண்டும். கோடை அரண்மனைக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. மெட்ரோ நாலாம் தடத்தில் அதே பெயரில் ஸ்டேஷன் இருக்கிறது. பரப்பில் ஊதா நகரத்தைப்போல ஏறக்குறைய ஐந்து மடங்கு. சீனாவின் கடைசி அரச வம்சமான சிங் சக்கரவர்த்திகள் உண்மையில் விரும்பி வாழ்ந்த இடம் அதுதான். 1860 அக்டோபரில் பிரிட்டிஷ், பிரெஞ்சுப் படைகள் முதலில் அதைச் சூறையாடின. பேச்சுவார்த்தைக்குப் போன தூதுக்குழுவினரையும் காவலுக்குப் போனவர்களையும் சீனர்கள் பிடித்துச் சித்திரவதை செய்ததில் பலர் செத்துப்போனார்கள். அதற்குப் பழிவாங்க பிரிட்டிஷ் தூதர் எல்ஜின் பிரபு தீ வைக்க உத்தரவிட்டார். செத்தவர்களில் சீக்கியக் குதிரைவீரர்களும் உண்டு. இந்த எல்ஜின் பிறகு இந்தியாவுக்கே வைஸ்ராயாக வந்து, 1863இல் தர்மசாலாவில் இறந்தார்.

பெய்ஜிங்கை நோக்கிப் போன அந்தப் படையில் பஞ்சாபிகளோடு மதராஸ் சாப்பர்ஸ் என்ற பொறியாளர் படைப்பிரிவும் இருந்தது. அவர்களின் போர்க் கௌரவப் பட்டியலில் ‘பீகின் 1860’ என்று இருக்கிறது. இது தெரிந்த பிறகு என்னால் அங்கே வெறும் சுற்றுலாப் பயணியாக நடக்க முடியவில்லை. அந்தப் படையோடு நம் ஊர்க்காரர்களும் வந்தார்கள் என்பது கூடவே நடந்து வந்தது.

அங்கே இன்று எல்லோரும் படம் எடுத்துக்கொள்கிற உடைந்த தூண்களும் வளைவுகளும் சீனக் கட்டடத்தின் மிச்சம் என்று நினைத்துவிடாதீர்கள். சியன்லோங் சக்கரவர்த்தி ஜெசூயிட் பாதிரியார்களைக்கொண்டு ஐரோப்பிய பாணியில் கட்டிக்கொண்ட ஒரு சின்ன ஓரப் பகுதி அது. கல் என்பதால் நின்றது. சீனக் கட்டடங்கள் எல்லாம் மரம், பெரும்பாலும் எரிந்தே போயின. அவை இருந்த இடத்தில் இன்று புல்லும் குளமும்தான். அந்த ஐரோப்பியப் பகுதியில் பன்னிரண்டு ராசி விலங்குகளின் வெண்கலத் தலைகளோடு ஒரு நீரூற்று இருந்தது. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு விலங்கு என்று முறைவைத்துத் தண்ணீர் உமிழும், கடிகாரம்போல. அந்தத் தலைகளில் ஏழு இதுவரை சீனாவுக்குத் திரும்பியிருக்கின்றன. அந்தச் சூறையில் பிடித்த ஒரு குட்டி நாய் விக்டோரியா ராணியிடம் போய்ச் சேர்ந்தது. அதற்கு அவர்கள் வைத்த பெயர் லூட்டி. கொள்ளையைக் குறிக்கும் இந்திச் சொல்லான ‘லூட்’டிலிருந்து வந்தது. ஒரு நாய்க்கு அப்படிப் பெயர் வைக்க முடிந்திருக்கிறது என்பதை என்னால் இன்றும் ஜீரணிக்க முடியவில்லை.

எல்லாவற்றையும் அந்நியர் தலையில் போடவும் முடியாது. 1912இல் முடியைத் துறந்த பிறகும் கடைசி சக்கரவர்த்தி புயி அரண்மனையின் பின்பாதியில் 1924 வரை குடியிருந்தார். ஆறு வயதில் முடி இழந்த பையன், அந்தச் சுவர்களுக்குள்ளேயே வளர்ந்தான். சைக்கிள் கற்றுக்கொண்டபோது இடைஞ்சலாக இருக்கிறதென்று வாசல்களின் மரப்படிகளை அறுத்தெடுக்கச் சொன்னார். அவர்தான் தம்பிக்குப் பரிசு கொடுப்பதாகக் கணக்கெழுதி, ஆயிரத்துக்கும் மேற்பட்ட பழைய ஓவியச் சுருள்களை வெளியே அனுப்பியவர். அரண்மனையில் இருந்த ஆண்மை நீக்கப்பட்ட பணியாட்களும் தங்கள் பங்குக்குக் கடத்தினார்கள். என்ன காணோம் என்று கணக்கெடுக்க ஆரம்பித்ததும், 1923இல் பொருட்கள் குவித்து வைத்திருந்த ஜியன்ஃபு மாளிகை எரிந்தது. தடயத்தை மறைக்க அவர்களே வைத்த தீ என்று சந்தேகப்பட்டு, புயி அவர்களில் பெரும்பாலோரை வெளியேற்றினார். ஆக, ராஜாவோட சாமானில் கொஞ்சத்தை ராஜாவேதான் கொண்டுபோனார். உங்கள் மகளுக்கு இந்தக் கதை பிடிக்கும்.

அப்புறம் ஒரு பயணக் கதை இருக்கிறது, அதில் நீங்கள் குடியிருக்கிற ஊரும் வருகிறது. 1925இல் அரண்மனை அருங்காட்சியகமாயிற்று. 1931இல் ஜப்பான் மஞ்சூரியாவைப் பிடித்ததும் பெய்ஜிங்குக்கு ஆபத்து என்று தெரிந்துவிட்டது. பீங்கானையும் ஓவியங்களையும் வெண்கலங்களையும் பஞ்சும் வைக்கோலும் வைத்துக் கட்டி, 1933இல் 13,000க்கும் மேற்பட்ட பெட்டிகளை ரயிலேற்றினார்கள். அவை முதலில் வந்து தங்கிய ஊர் ஷாங்காய். பிறகு நான்ஜிங். போர் மூண்டதும் மூன்று வழியாகப் பிரிந்து ரயில், படகு, லாரி என்று மேற்கே மலைநாட்டுக்குப் போயின. அந்தச் சாமான்களோடு சிலர் குடும்பத்தையும் கூட்டிக்கொண்டு பல வருடம் ஊர் ஊராகக் காவல் காத்தார்கள். போர் முடிந்து திரும்பியவை உள்நாட்டுச் சண்டையில் மறுபடி பிரிந்தன. 2,972 பெட்டிகள் தைவானுக்குக் கப்பலேறின. தாய்பேயில் இன்று எல்லோரும் வரிசையில் நின்று பார்க்கும் ஜேட் கல் முட்டைக்கோஸ் முன்பு ஊதா நகரத்துக்குள் ஒரு மாளிகையில் இருந்ததுதான். ஒரு சாண் நீளம். தண்டு வெள்ளை, இலை பச்சை, இலைமேல் வெட்டுக்கிளிகள். கல்லில் இயற்கையாக இருந்த இரண்டு நிறத்தையும் பார்த்து, அதற்கேற்ற உருவத்தை யோசித்துச் செதுக்கியிருக்கிறார்கள்.

இவ்வளவு போனபின்பும் பெய்ஜிங் அருங்காட்சியகத்தில் 18 லட்சத்துக்கும் மேற்பட்ட பொருட்கள் இருக்கின்றன. நீங்கள் நடுக்கோட்டில் மட்டும் நடந்து வடக்கு வாசல் வழியாக வெளியே வந்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன், பெரும்பாலோர் அப்படித்தான் வருகிறார்கள். கிழக்குப் பக்கம் திரும்புங்கள். பொக்கிஷக் கூடமும் கடிகாரக் கூடமும் அங்கேதான் இருக்கின்றன, தனி டிக்கெட்.

ஆனால் ஒரே ஒரு இடத்துக்குத்தான் நேரம் இருக்கிறது என்றால், நான் ஊதா நகரத்தைச் சொல்ல மாட்டேன். தியன்தான், அதாவது வானக் கோயிலுக்குப் போகச் சொல்வேன். உங்கள் கடிதத்தில் அதைப் பற்றிப் பேச்சே இல்லை. நீல ஓட்டு வட்ட மண்டபத்தை எல்லோரும் படத்தில் பார்த்திருப்போம். அதைப் பார்த்துவிட்டு அப்படியே தெற்கே நடங்கள். வட்ட மேடை ஒன்று வரும். மேலே கூரை இல்லை, சிலை இல்லை, மூன்றடுக்குக் கல்மேடை மட்டும். உச்சியில் நடுவே ஒரு வட்டக் கல், அதைச் சுற்றி ஒன்பது கற்கள், அடுத்த வளையத்தில் பதினெட்டு, இப்படியே ஒன்பதாவது வளையத்தில் எண்பத்தொன்று. மகளை எண்ணச் சொல்லுங்கள்.

வருடத்தின் மிக நீண்ட இரவு முடியும் நேரத்தில், விடியுமுன், சக்கரவர்த்தி இங்கே வந்து வானத்தை வணங்குவார். அதற்கு முன் விரதம். அந்த விரத மாளிகையின் ஓடு பச்சை. அரண்மனையில் மஞ்சளுக்குக் கீழே உட்கார்ந்தவர், வானத்துக்கு முன்னால் தானும் ஒரு சேவகன் என்று ஓட்டின் நிறத்தில்கூட இறங்கிவந்தார். நாடே யார் முன்னால் மண்டியிட்டதோ அந்த மனிதர், டிசம்பர் குளிரில், திறந்த மேடையில் மண்டியிட்டார். எனக்கு அந்த மேடையில் நின்றபோதுதான் ஊதா நகரத்தின் காலி முற்றமே புரிந்தது. அங்கே அதிகாரிகள் எப்படி நின்றார்களோ, இங்கே அவர் அப்படி நின்றிருக்கிறார்.

ஜனவரியில் அந்த மேடையில் காற்று அறையும். மகளுக்குக் காது மூடும் குல்லா வாங்கிவிடுங்கள். அரண்மனை டிக்கெட்டை ஏழு நாளுக்கு முன்பே பாஸ்போர்ட் எண்ணைக் கொடுத்து எடுத்துவிட வேண்டும், வாசலில் கிடைக்காது. திங்கட்கிழமை விடுமுறை. வடக்கு வாசலில் வெளியே வந்ததும் எதிரே ஜிங்ஷான் குன்று. அகழி வெட்டிய மண்ணைக் கொட்டி எழுப்பியது. 1644இல் கலகப் படை நகருக்குள் வந்தபோது சிங் வம்சத்துக்கு முந்தைய மிங் வம்சத்தின் கடைசி சக்கரவர்த்தி அதன் சரிவில்தான் தூக்கிட்டுக்கொண்டார். ஏறிவிடுங்கள், கால் மணி நேரம்கூட ஆகாது. சாயங்காலம் மேலே நின்று பார்த்தால் மொத்த அரண்மனையும் மஞ்சள் ஓடுகளாகக் காலடியில் கிடக்கும். பனி பெய்திருந்தால் நீங்கள் கொடுத்துவைத்தவர்.

போய் வந்து, கொப்பரையைப் பார்த்து மகள் என்ன சொன்னாள் என்று எழுதுங்கள்.

அன்புடன்.