இடுப்பு எலும்பு உடைந்த பெரியவர்கள்: கேள்வி பதில்

வேலூரில் எலும்பு வார்டுகளில் 20 வருடத்துக்கு மேலாகப் பிசியோதெரபி பார்க்கிறேன். கேட்டவர்களுக்கு என் பதில்கள். மருந்து விஷயத்தில் உங்கள் டாக்டர் பேச்சுதான் முதல்.

குடியாத்தம்: அம்மாவுக்கு 78 வயது. பாத்ரூமில் வழுக்கி இடுப்பு எலும்பு உடைந்துவிட்டது. சர்க்கரையும் உண்டு. ஆபரேஷன் தாங்கமாட்டார் என்கிறார் மாமா.

ஆபரேஷனைத் தாங்குவாரா என்று கேட்கும் மாமா, படுக்கையைத் தாங்குவாரா என்றும் கேட்க வேண்டும். உடைந்த காலோடு படுத்திருப்பவரைப் பெட்பேன் வைக்கப் புரட்டினாலே அலறுவார். அலறலுக்குப் பயந்து வீட்டில் புரட்டுவதையே விட்டுவிடுவார்கள். அப்புறம் முதுகில் புண், நெஞ்சில் சளி, கால் ரத்தக்குழாயில் ரத்தக்கட்டு என்று வரிசையாக வரும்.

ஆபரேஷனிலும் ஆபத்து இல்லாமல் இல்லை. இந்த முறிவு வந்த பெரியவர்களில் 100க்கு 20 முதல் 30 பேர் ஒரு வருடத்துக்குள் இறந்துவிடுகிறார்கள். பெரும்பாலும் காரணம் கத்தி இல்லை. ஏற்கெனவே பலவீனமான இதயம், சிறுநீரகம், அப்புறம் நிமோனியா. ஞாபக மறதி நோய், ரத்தசோகை, ரத்தத்தில் ஆல்புமின் என்ற புரதம் குறைவு இருந்தாலும் கஷ்டம்தான். பெண்களைவிட ஆண்களுக்கு ஆபத்து அதிகம். வயதும் கணக்கில் வரும். ஆனால் நான் முதலில் கேட்பது, விழுவதற்கு முந்தின நாள் எப்படி இருந்தார் என்றுதான். தானாகக் கடைக்குப் போய் வந்தவர் என்றால் பாதி நிம்மதி.

ஆம்பூர்: அப்பா ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறார். எத்தனை நாள் காத்திருக்கலாம் சார்?

சேர்த்த அன்றோ மறுநாளோ, கூடிப்போனால் 48 மணி நேரத்துக்குள் முடிப்பது நல்லது. 17 நாடுகளில் சுமார் 3,000 பேரை வைத்து நடந்த ஆய்வு 2020இல் வந்தது. 6 மணி நேரத்தில் ஆபரேஷன் ஆனவர்களுக்கும் 24 மணி நேரத்தில் ஆனவர்களுக்கும் இறப்பில் பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் சீக்கிரம் செய்தவர்களுக்கு மனக்குழப்பம் குறைவு, எழுந்து நின்றதும் சீக்கிரம். அதனால் பதற வேண்டாம். துபாயிலிருந்து தம்பி வரட்டும் என்று நாலு நாள் தள்ளவும் வேண்டாம்.

ஆஸ்பிரின், குளோபிடோக்ரல் என்றால் பொதுவாகக் காத்திருக்கத் தேவையில்லை. வார்ஃபரின் என்றால் ரத்தம் உறைவதைச் சரிசெய்துவிட்டுத்தான் ஆபரேஷன் செய்வார்கள். சீட்டைக் கையோடு கொண்டுபோய்க் காட்டுங்கள்.

காட்பாடி: புத்தூர் கட்டு போட்டால் சேராதா?

இடுப்பு முறிவு என்று நாம் சொல்வது தொடை எலும்பின் மேல்முனை உடைவதைத்தான். அதைச் சுற்றித் தடித்த தசை. வெளியே எவ்வளவு இறுக்கிக் கட்டினாலும் உள்ளே எலும்பு நிற்காது; கால் குட்டையாகி வெளிப்பக்கம் திரும்பிக் கிடக்கும். இதற்குக் கட்டு வேண்டாம்.

வாலாஜா: முழு மயக்கமா, முதுகில் ஊசியா?

2021இல் வந்த பெரிய ஆய்வில் இரண்டுக்கும் உயிர் பிழைப்பதில் வித்தியாசம் தெரியவில்லை. மயக்க டாக்டர் முடிவு செய்யட்டும்.

ஆற்காடு: ஆபரேஷன் ஆகி மூன்று நாள். சாயங்காலமானால் அம்மா என்னையே யார் என்று கேட்கிறார். பயந்துபோய்ப் படுக்கவே வைத்திருக்கிறோம்.

அது பைத்தியம் இல்லை அம்மா, ஆபரேஷனுக்குப் பின் வரும் குழப்பம். உடனே டாக்டரிடம் சொல்லுங்கள். சிறுநீர்த் தொற்று, மலச்சிக்கல், தண்ணீர் போதாமை, வலி எல்லாம் இதைக் கிளப்பும். சிறுநீர்க் குழாயை எப்போது எடுப்பார்கள் என்றும் கேளுங்கள்.

படுக்க வைத்தால் குழப்பம் கூடத்தான் செய்யும். டாக்டர் தடை சொல்லாவிட்டால் மறுநாளே உட்கார வைத்து, வாக்கரோடு நிற்க வைப்போம். ஒரு பாட்டி வாக்கரை விட்டு என் சட்டையைப் பிடித்துக்கொண்டு, "உட்றா, உளுந்துருவேன்" என்று கத்தினார். "ஜன்னல்ல கோட்டை தெரியுதா பாருங்க" என்றேன். எட்டிப் பார்க்க ஒரு அடி வைத்துவிட்டார். அந்த ஜன்னலில் தெரிவது தண்ணீர்த் தொட்டி மட்டும்தான். இன்றைக்கும் அந்தப் பொய்யைத்தான் சொல்கிறேன்.

வெறும் கஞ்சியில் உடம்பு தேறாது. முட்டை, பருப்பு, தயிர் கொடுங்கள்.

பேரணாம்பட்டு: வீட்டுக்கு வந்துவிட்டோம். இனி மருந்து ஏதாவது?

எலும்புத் தேய்மானத்துக்கு வருடம் ஒருமுறை போடும் சோலெட்ரானிக் ஆசிட் பற்றிக் கேளுங்கள். 2007இல் வந்த ஆய்வில், இடுப்பு முறிவு ஆபரேஷனுக்குப் பின் அதைப் போட்டவர்களிடம் இறப்பு 28 சதவீதம் குறைந்தது. முதலில் சிறுநீரகமும் வைட்டமின் டி அளவும் பார்ப்பார்கள்.

குடியாத்தம், மறுபடியும்: மாமா ஒத்துக்கொண்டார். நாளைக் காலை ஆபரேஷன். என்ன எடுத்துப்போக வேண்டும்?

மூக்குக்கண்ணாடி, பல்செட், காது மிஷின் இருந்தால் அதுவும். பழைய மாத்திரைச் சீட்டு எல்லாம். வழுக்காத, குதிகாலைப் பிடிக்கும் செருப்பு ஒரு ஜோடி. மறுநாளே தேவைப்படும்.