பனிக்காலத்தில் வறளும் தோல்: வாசகர் கேள்விகளுக்குத் தோல் மருத்துவர் பதில்

கார்த்திகை தீபம் முடிந்தால் போதும், ஊட்டியில் என் அறைக்கு வருகிறவர்கள் வாய் திறப்பதற்கு முன்பே வேட்டியையோ பேன்ட்டையோ கொஞ்சம் தூக்கிக் காலைக் காட்டுவார்கள். முழங்காலுக்குக் கீழே சாம்பல் பூசியது போல வெள்ளை பூத்திருக்கும். நகம் பட்ட இடமெல்லாம் கோடு கோடாகத் தெரியும். சின்னப் பிள்ளைகள் அதில் பெயரே எழுதியிருப்பார்கள். இந்த மாதம் வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் இதைப் பற்றித்தான்.

கேள்வி: இங்கே விடிய விடியப் பனி கொட்டுகிறது. புல், செடி எல்லாம் நனைந்து கிடக்கிறது. காற்று இவ்வளவு ஈரமாக இருக்கும்போது தோல் மட்டும் ஏன் காய்கிறது? (குன்னூர் வாசகர்)

பார்ப்பதற்கு ஈரமாகத் தெரிகிறதே தவிர, அந்தக் காற்றுக்குள் தண்ணீர் மிகக் குறைவு. காற்று சூடாக இருந்தால் நிறைய நீராவியைத் தாங்கும், குளிர்ந்தால் தாங்காது. 30 டிகிரி வெப்பத்தில் ஒரு கன மீட்டர் காற்று ஏறத்தாழ 30 கிராம் நீராவியைப் பிடித்து வைத்திருக்கும். 5 டிகிரியில் 7 கிராம்கூட முடியாது. தாங்க முடியாமல் இறங்கியதுதான் உங்கள் புல்லில் நிற்கிற பனித்துளி. அந்தக் காற்று நம் உடம்புச் சூட்டில் சற்று வெதுவெதுப்பானதும், அதற்கு இன்னும் தண்ணீர் வேண்டியிருக்கிறது. பக்கத்தில் இருப்பது நம் தோல், அங்கிருந்து எடுத்துக்கொள்கிறது. அப்புறம் பத்து, பதினொரு மணிக்கு மலை வெயில் சுள்ளென்று அடிக்கும்போது வறட்சி இன்னும் கூடுகிறது.

தோலின் மேலடுக்கைச் செங்கல் சுவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். செத்த செல்கள் செங்கல், அவற்றுக்கு இடையில் இருக்கிற செராமைடு, கொலஸ்ட்ரால் முதலான கொழுப்புகள் சாந்து. சாந்து நன்றாக இருக்கும்வரை உள்ளே இருக்கிற நீர் வெளியே போகாது. கீழே நான் சொல்லப்போகிற எல்லாமே இரண்டே வேலைதான்: இருக்கிற சாந்தைக் கரைக்காமல் இருப்பது, விரிசல் விட்ட இடத்தை மூடி வைப்பது.

கேள்வி: குளிருக்கு இதமாக வெந்நீரில் அரை மணி நேரம் குளிக்கிறேன். உடம்புக்கு ‘கிரேடு 1’ சோப்புதான் போடுகிறேன். ஆனாலும் குளித்து முடித்த பத்தாவது நிமிடம் உடம்பெல்லாம் இழுத்துப் பிடிக்கிறது. (கோத்தகிரி வாசகி)

உங்கள் பிரச்சினை முழுக்கக் குளியலறையில்தான் இருக்கிறது. எண்ணெய்ப் பிசுக்குள்ள பாத்திரத்தை வெந்நீரும் சோப்பும் போட்டுத் தேய்த்தால் பிசுக்கு எப்படி விட்டுப்போகிறதோ, அதே மாதிரிதான் தோலில் இருக்கிற கொழுப்பும் போகிறது. சூடு கூடக் கூட, நேரம் கூடக் கூட, அதிகம் போகும்.

தண்ணீர் வெதுவெதுப்பாக இருக்கட்டும். முழங்கையை நனைத்துப் பாருங்கள், சூடும் தெரியக்கூடாது, குளிரும் தெரியக்கூடாது. ஐந்து நிமிடம், மிஞ்சினால் பத்து. தினமும் உடம்பு முழுக்கச் சோப்புப் போட வேண்டிய அவசியம் யாருக்கும் இல்லை. அக்குள், தொடை இடுக்கு, பாதம் ஆகிய இடங்களுக்குப் போட்டால் போதும். கைகாலுக்கு வெறும் தண்ணீர் போதும். பீர்க்கங்காய் நார், நைலான் தேய்ப்பான் எல்லாவற்றையும் மாசி பிறக்கும்வரை எடுத்து வைத்துவிடுங்கள். வெள்ளையாகப் பூத்திருப்பது அழுக்கு என்று நினைத்துப் பலர் அழுத்தித் தேய்க்கிறார்கள். அது அழுக்கு இல்லை, காய்ந்து உரிகிற தோல். தேய்க்கத் தேய்க்க நாளைக்கு இன்னும் அதிகமாகப் பூக்கும்.

சோப்பு உறையில் போட்டிருக்கும் டி.எஃப்.எம். என்பது அதில் கொழுப்புப் பொருள் எத்தனை சதவீதம் என்ற கணக்கு. 76க்கு மேல் இருந்தால் கிரேடு 1. தரம் பார்த்து வாங்கியது நல்லதுதான். ஆனால் எந்தக் கிரேடாக இருந்தாலும் சோப்பு சோப்புதான், அதன் பி.ஹெச். (அமிலமா காரமா என்று காட்டும்) அளவு 9, 10 என்று காரமாக இருக்கும். ஆரோக்கியமான தோல் 5 சொச்சத்தில், லேசான அமிலமாக இருப்பது. சோப்பு இல்லாத சின்டெட் கட்டியோ, நுரை வராத கிளென்சரோ கிடைத்தால் குளிர்காலத்துக்கு மட்டுமாவது மாற்றிப் பாருங்கள்.

இதையெல்லாம் விட முக்கியமானது குளித்த பிறகு வருகிற மூன்று நிமிடம். துண்டால் ஒற்றி எடுங்கள், துவட்டித் தேய்க்க வேண்டாம். தோலில் ஈரம் இருக்கும்போதே, அந்தக் குளியலறைக்குள்ளேயே, கிரீமைத் தடவிவிடுங்கள். டிரஸ் மாற்றி, காபி குடித்து, சாவகாசமாகத் தடவினால் மூடி வைப்பதற்கு அங்கே ஈரமே மிச்சம் இருக்காது. என்னிடம் வருகிறவர்களுக்கு மருந்து எழுதுவதற்கு முன்னால் நான் கேட்பது, “கிரீம் டப்பாவை எங்கே வைத்திருக்கிறீர்கள்?” என்றுதான். பீரோவில் என்றால், முதலில் அதைக் குளியலறைக்கு மாற்றச் சொல்வேன். அதிலேயே பாதிப் பேருக்குச் சரியாகிவிடும்.

கேள்வி: சனிக்கிழமை தவறாமல் எண்ணெய் தேய்த்துக் குளிக்கிறேன், ஆனாலும் வறட்சி போகவில்லை. தேங்காய் எண்ணெய் நல்லதா, நல்லெண்ணெயா? (சேலம் வாசகர்)

எண்ணெய் தேய்ப்பது நல்லதுதான். ஆனால் அடுத்த அரை மணி நேரத்தில் சீயக்காயும் பயத்தமாவும் போட்டு மொத்தத்தையும் வழித்து எடுத்துவிடுகிறீர்களே! தலைக்கு மட்டும் சீயக்காய் போதும். உடம்புக்கு எண்ணெய் வேண்டுமென்றால் குளித்து முடித்து, ஈர உடம்பில் மெல்லிசாகத் தடவுங்கள்.

தேங்காய் எண்ணெய்க்கே என் ஓட்டு. வறண்ட தோலுக்கு மினரல் ஆயிலுக்கு இணையாக அது வேலை செய்வதை 2004ல் வெளியான ஒரு பிலிப்பைன்ஸ் ஆய்வு காட்டியது. 24 டிகிரிக்குக் கீழே போனால் உறைந்துவிடும், பாட்டிலைச் சுடுநீரில் கொஞ்ச நேரம் நிறுத்தினால் இளகும். நல்லெண்ணெய் ஒத்துக்கொண்டால் அதுவும் சரி. ஆலிவ் எண்ணெயும் கடுகு எண்ணெயும் வேண்டாம், குறிப்பாகக் குழந்தைகளுக்கு. அவை தோலின் காப்பைக் குலைக்கக்கூடியவை. முகப்பரு வருகிறவர்கள் எந்த எண்ணெயையும் முகத்தில் தடவ வேண்டாம்.

கேள்வி: விலை உயர்ந்த கிரீம்தான் வாங்க வேண்டுமா? தினக்கூலிக்குப் போகிற எங்களால் முடியாது. (வால்பாறை வாசகி)

வேண்டவே வேண்டாம். வெள்ளை பெட்ரோலியம் ஜெல்லியை விட நன்றாக நீரைத் தடுத்து நிறுத்துகிற பொருள் விலை உயர்ந்த டப்பாக்களிலும் இல்லை. பிசுபிசுப்புதான் அதன் ஒரே குறை. ராத்திரி தடவிக்கொண்டால் அதுவும் பெரிதாகத் தெரியாது. கிளிசரின் இன்னொரு நல்ல பொருள், ஆனால் அப்படியே தடவாமல் கொஞ்சம் தண்ணீரில் கலந்து தடவி, மேலே ஜெல்லி போடுங்கள். பிராண்டை விட அளவு முக்கியம். பட்டாணி அளவு கிரீமை இரண்டு காலுக்கும் தேய்ப்பதைப் பார்க்கிறேன், அது காணாது. பெரியவர் ஒருவர் உடம்பு முழுக்க ஒரு தடவை பூச 20, 30 கிராம் வேண்டும். அதனால்தான் சொல்கிறேன், சின்ன டியூப்பில் விலை உயர்ந்ததை வாங்கி மிச்சம் பிடித்துத் தடவுவதை விட, பெரிய டப்பாவில் மலிவானதை வாங்கித் தாராளமாகத் தடவுங்கள்.

கேள்வி: என் அம்மாவுக்கு 74 வயது. ராத்திரியானால் கால், முதுகு எல்லாம் சொறிந்துகொண்டே இருக்கிறார், தூக்கமே இல்லை. காலமைன் லோஷன் போட்டோம், குளிக்கிற தண்ணீரில் கிருமிநாசினி ஊற்றினோம். குறையவில்லை. (மதுரை வாசகர்)

இரண்டையும் இன்றைக்கே நிறுத்துங்கள். காலமைன் தோலை உலர்த்துகிற மருந்து, வறட்சியால் வருகிற அரிப்பை அது கூட்டவே செய்யும். கிருமிநாசினி எரிச்சலைத்தான் கொடுக்கும்.

வயதாக ஆகத் தோலில் எண்ணெய் சுரப்பது குறைந்துவிடும். குளிரும் சேர்ந்தால் கணைக்காலில் தோல் வெடித்து, வற்றிய கண்மாய்த் தரை போல வலைவலையாக விரிசல் விடும். விரிசலுக்குள் சிவந்து, நீர் கசிந்தால் அது எக்சிமா எனும் தோல் அழற்சியாக மாறிவிட்டது என்று பொருள், அதற்குத் தனி மருந்து வேண்டும். அதுவரை போகாமல் இருந்தால், மேலே சொன்ன குளியல் முறையும் இரண்டு வேளை கிரீமும் பத்து நாளில் தூக்கத்தைத் திருப்பிக் கொடுக்கும். நகத்தை ஒட்ட வெட்டிவிடுங்கள். கம்பளி நேரடியாகத் தோலில் படாமல் உள்ளே பருத்தித் துணி போடச் சொல்லுங்கள்.

முதுகுக்கு அவரால் கிரீம் போட முடியாது. நீங்கள்தான் போட்டுவிட வேண்டும். கூச்சப்பட்டுக்கொண்டு உங்களிடம் கேட்காமல் இருப்பார். இதைப் பல வீடுகளில் பார்த்துவிட்டேன், அதனால்தான் அழுத்திச் சொல்கிறேன்.

இரண்டு விஷயத்தைக் கவனியுங்கள். வீட்டில் மற்றவர்களுக்கும் ராத்திரி அரிப்பு இருந்து, விரல் இடுக்கில் சின்னக் கொப்புளங்கள் இருந்தால் அது வறட்சி இல்லை, சிரங்கு. எல்லாரும் ஒரே நாளில் மருந்து போட்டால்தான் போகும். மூன்று வாரம் நன்றாகக் கிரீம் போட்டும் உடம்பு முழுக்க அரிப்பு குறையவில்லை என்றால் சர்க்கரை, தைராய்டு, சிறுநீரகம், கல்லீரல், ரத்தச்சோகை ஆகியவற்றுக்கு ஒரு ரத்தப் பரிசோதனை செய்யுங்கள். நீர் பிரிய மாத்திரை சாப்பிடுகிறார் என்றால் அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

கேள்வி: தினமும் சாயங்காலம் கணப்புப் பக்கத்தில் உட்காருவேன். இப்போது காலில் வலை போட்டது மாதிரிப் பழுப்பு நிறக் கோடுகள். இதுவும் வறட்சிதானா? (ஊட்டி வாசகி, 66 வயது)

இல்லை அம்மா, அது சூட்டினால் வந்த அடையாளம். சுடாத அளவு வெப்பமானாலும் மாதக்கணக்கில் ஒரே இடத்தில் பட்டால் இப்படி வலைப்பின்னல் விழும். காஷ்மீரத்தில் அங்கிக்குள் காங்கிரி எனும் கரிச்சட்டியை வைத்துக்கொள்கிறவர்களுக்கு வயிற்றிலும் தொடையிலும் வரும். இப்போதே தள்ளி உட்கார்ந்தால் மெல்ல மங்கிவிடும். வருடக்கணக்கில் விட்டால் அதில் புற்று வரவும் வாய்ப்பு உண்டு, ஆறாத புண் தெரிந்தால் உடனே காட்டுங்கள். இன்னொன்று: பெட்ரோலியம் ஜெல்லி ஊறிய புடவையும் போர்வையும் தீப்பிடித்தால் மளமளவென்று எரியும். தடவிக்கொண்டு நெருப்புப் பக்கம் போகவே போகாதீர்கள்.

கேள்வி: பையனுக்கு 6 வயது. உதட்டைச் சுற்றி வட்டமாகச் சிவந்து தோல் உரிகிறது. (தர்மபுரி வாசகி)

உதட்டை நக்கிக்கொண்டே இருக்கிறானா பாருங்கள். எச்சில் காயும்போது இருக்கிற ஈரத்தையும் கொண்டுபோகும். சாப்பிடும் முன்பும் தூங்கும் முன்பும் வெள்ளை ஜெல்லி தடவுங்கள், அது சுவையில்லாமல் இருப்பதும் நல்லது. வாசனை, புதினா, கற்பூரம் சேர்ந்த லிப் பாம் வேண்டாம். திட்டினால் இன்னும் நக்குவான், திட்டாதீர்கள்.

கேள்வி: மருந்துக்கடையில் கொடுத்த டியூப் போட்டால் இரண்டே நாளில் அரிப்பும் சிவப்பும் போய்விடுகிறது, நிறுத்தினால் திரும்பி வருகிறது. தொடர்ந்து போடலாமா? (திருப்பூர் வாசகர்)

டியூப்பில் பெட்டாமெத்தசோன், குளோபெட்டசால், மொமெட்டசோன் என்று ஏதாவது எழுதியிருக்கிறதா பாருங்கள். இருந்தால் அது ஸ்டீராய்டு. மருத்துவர் சொன்ன இடத்தில், சொன்ன நாள் மட்டும் போட்டால் அருமையான மருந்து. மாதக்கணக்கில் போட்டால் தோல் காகிதம் போல மெலிந்து, ரத்தக்குழாய் வெளியே தெரியும். படர்தாமரை இருந்தால் அதைப் பரப்பிவிடும். முகத்தில் கண்டிப்பாகக் கூடாது. வறட்சிக்கு அது மருந்தே இல்லை.

கேள்வி: நிறையத் தண்ணீர் குடித்தால் தோல் வறட்சி போகுமா? (சென்னை வாசகர்)

தாகத்துக்குக் குடியுங்கள். அதற்கு மேல் குடிக்கும் தண்ணீர் தோலுக்குப் போய்ச் சேராது, சிறுநீராகத்தான் போகும்.

கேள்வி: டொராண்டோவில் இருக்கிறேன். வெளியே மைனஸ் 15, வீட்டுக்குள் ஹீட்டர். விரல் நுனிகள் பிளந்து ரத்தம் வருகிறது. (கனடா வாசகி)

முதல் கேள்விக்குச் சொன்ன கணக்கு உங்களுக்குப் பல மடங்கு பொருந்தும். அந்தக் குளிர்க்காற்றை வீட்டுக்குள் 21, 22 டிகிரிக்குச் சூடேற்றும்போது அது பாலைவனக் காற்றாகிறது. படுக்கையறையில் ஈரப்பதமூட்டி வைத்து 30லிருந்து 40 சதவீதம் வரை கொண்டுவாருங்கள். அதற்கு மேல் போனால் ஜன்னலில் நீர் கோத்துப் பூஞ்சை பிடிக்கும். பாத்திரம் கழுவும்போது உள்ளே பருத்தி, வெளியே ரப்பர் என்று இரண்டு கையுறை. பிளவுக்குள் ஜெல்லியை வைத்து, மேலே மருந்துக்கடை டேப் ஒட்டிக்கொண்டு தூங்குங்கள். இரண்டு, மூன்று ராத்திரியில் மூடிக்கொள்ளும்.

கேள்வி: வயது 52, பதினோரு வருடமாகச் சர்க்கரை. குதிகாலில் பாளம் பாளமாகப் பித்தவெடிப்பு. தைப்பூசத்துக்குக் காரைக்குடியிலிருந்து பழனிக்குச் செருப்பில்லாமல் நடந்து போவதாக வேண்டுதல். என்ன செய்யலாம்? (வாசகர்)

இந்தக் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். முதலில் வெடிப்பு. தடித்துக் காய்ந்த குதிகால் தோலுக்கு நெகிழ்ச்சி கிடையாது, உடம்பு பாரம் இறங்கியதும் பிளக்கிறது. இரவில் காலைக் கழுவி, விரல் இடுக்கை நன்றாகத் துடைத்துவிட்டு, குதிகாலுக்கு மட்டும் 20 முதல் 25 சதவீத யூரியா கிரீம் தடவிப் பருத்திச் சாக்ஸ் போடுங்கள். பிளேடால் சீவ வேண்டாம். மெழுகை எண்ணெயில் காய்ச்சிச் சூடாக ஊற்றுகிற வைத்தியம் சர்க்கரைக்காரர்களுக்கு ஆகாது, பாதம் மரத்திருந்தால் சுட்டாலும் தெரியாமல் போகும். ரத்தம் வருகிற, ஆழமான பிளவில் யூரியா போட்டால் எரியும். அதை மருத்துவரிடம் காட்டி ஆற வைத்த பிறகு தொடங்குங்கள்.

அடுத்தது நடை. கிளம்பும் முன் ஒரு மருத்துவர் நைலான் இழையால் உங்கள் பாதத்தைத் தொட்டுப் பார்க்கட்டும், ஒரு நிமிட வேலை. தொடுவது தெரியவில்லை என்றால் தார் ரோடு சுட்டுக் கொப்புளம் வந்தாலும், முள் ஏறினாலும் உங்களுக்குத் தெரியப்போவதில்லை. வெடிப்பு வழியாகக் கிருமி போய்விட்டால் விரலை, சில சமயம் காலையே எடுக்க வேண்டி வரும். அப்படி இழந்தவர்களைப் பார்த்தவன் நான். நடப்பதை விட வேண்டாம். பழகிய, கால் மூடிய ஷூவும் சாக்ஸும் போட்டு நடங்கள். வேண்டுதலை எப்படி நிறைவேற்றுவது என்று வீட்டுப் பெரியவர்களிடம் இப்போதே பேசிவிடுங்கள்.

வழியில் தங்குகிற ஒவ்வொரு இடத்திலும், படுக்கும் முன், கைக்கண்ணாடியைத் தரையில் வைத்து உள்ளங்காலைப் பாருங்கள். கண் சரியாகத் தெரியாவிட்டால் கூட வருகிறவரைப் பார்க்கச் சொல்லுங்கள். சிவப்பு, கொப்புளம், ஈரக் கசிவு, இதில் ஏதாவது ஒன்று தெரிந்தாலும் மறுநாள் நடக்காமல், பக்கத்தில் இருக்கிற அரசு மருத்துவமனைக்குப் போய்க் காட்டுங்கள்.