சாதாரண தொண்டைவலி கிருமி உயிருக்கே ஆபத்தா மாறுறது எப்படி? ஸ்ட்ரெப் கேள்வி பதில்

(நான் மைக்ரோபயாலஜி டாக்டர், லேப்ல தான் வேலை. ஸ்ட்ரெப் பத்தி வந்த கேள்விகளுக்கு தெரிஞ்சத சொல்றேன்.)

கேள்வி: அக்கா, ஸ்ட்ரெப்னா தொண்டைவலி தானே? சதைய அழிக்குறது வேற கிருமியா?

பதில்: ஒரே கிருமி தான் தம்பி. ஸ்ட்ரெப்டோகாக்கஸ் பயோஜெனிஸ், நாங்க குரூப் ஏ ஸ்ட்ரெப்னு சொல்லுவோம். நிறைய பேர் தொண்டையில அது சும்மாவே உக்காந்திருக்கும், அவங்களுக்கே தெரியாது. ரத்தம், தசை, தசை மேல இருக்குற உறை, மூட்டுன்னு கிருமியே இருக்கக்கூடாத இடத்துக்குள்ள போயிட்டா தான் அத இன்வேசிவ்னு சொல்றோம். தொண்டைவலி வர்றவங்கள்ல ரொம்ப ரொம்ப கொஞ்ச பேருக்கு தான் இப்படி ஆகும், அதனால ஒவ்வொரு தொண்டைவலிக்கும் பயப்படாதீங்க.

கேள்வி: நம்ம உடம்புல எதிர்ப்பு சக்தி இருக்கே, அது என்ன பண்ணுது?

பதில்: எனக்கு ரொம்ப பிடிச்ச கேள்வி இது, கொஞ்சம் நீளமாவே சொல்றேன். இந்த கிருமி மேல ஹையலுரானிக் ஆசிட்ல ஒரு போர்வை இருக்கு, நம்ம உடம்புலயும் அதே பொருள் தான் இருக்கு, அதனால உடம்பு அத நம்ம ஆளுன்னு நெனச்சு விட்டுடுது. எம் புரோட்டீன்னு இன்னொன்னு, வெள்ளை அணுக்கள் விழுங்க வந்தா விழுங்க விடாது. வெள்ளை அணுக்களுக்கு "இங்க வாங்க"ன்னு சிக்னல் போகும்ல, அந்த சிக்னலையே வெட்டுற என்சைம் வச்சிருக்கு. வெள்ளை அணு சாகுறப்போ தன்னோட டிஎன்ஏவ வலை மாதிரி விரிச்சு கிருமிய பிடிக்கும், அந்த வலையயும் டிஎன்ஏஸ்னு டிஎன்ஏவ வெட்டுற என்சைம் விட்டு அறுத்துட்டு வெளிய வந்துடும். உடம்பு ரத்தத்த உறைய வச்சு சுவர் கட்டி தடுக்க பாத்தா ஸ்ட்ரெப்டோகைனேஸ் விட்டு அந்த சுவரையும் கரைச்சுடும். இத்தன வருஷம் பாத்தும் எனக்கு இன்னும் பிரமிப்பு போகல.

கேள்வி: டாக்டர், டாக்சிக் ஷாக்னு சொல்றாங்களே, ஏன் சில மணி நேரத்துல பிபி அப்படி விழுது?

பதில்: கிருமி விடுற சூப்பர் ஆன்டிஜென்னு ஒரு நச்சு தான் காரணம். சாதாரணமா ஒரு கிருமி வந்தா டி செல்கள்ல (ஒரு வகை வெள்ளை அணு) பத்தாயிரத்துல ஒன்னு கூட முழிக்காது, இந்த நச்சு போய் டி செல்லையும், அதுக்கு கிருமிய காட்டிக் குடுக்குற செல்லையும் தப்பான இடத்துல சேத்து கட்டி விட்டுடும், அஞ்சுல ஒரு பங்கு டி செல் வரைக்கும் ஒரே நேரத்துல கிளம்பிடும். அதுங்க கொட்டுற சைட்டோகைன்ங்குற சிக்னல் பொருள்ல ரத்தக்குழாய் ஒழுக ஆரம்பிச்சு, பிபி விழுந்து, கிட்னி, லிவர்னு வரிசையா அடி வாங்கும்.

கேள்வி: பெனிசிலின் கேக்குற கிருமி தானே, அப்புறம் ஏன் ஆளுங்க சாகுறாங்க?

பதில்: பெனிசிலின் இன்னைக்கும் கேக்குது, அது நெசம். ஆனா வளந்துட்டு இருக்குற கிருமிய தான் அது நல்லா கொல்லும். கூட்டம் ரொம்ப சேந்துட்டா கிருமி வளர்ச்சி மெதுவாயிடும், பெனிசிலினும் மந்தமாயிடும். ஈகிள்னு ஒருத்தர் இத 1952லயே எலிகள்ல காட்டிட்டார். அதான் கூடவே கிளிண்டாமைசின்னு இன்னொரு ஆன்டிபயாட்டிக் குடுக்குறோம், அது கிருமி புரோட்டீன் தயாரிக்குறதையே நிறுத்துறதால டாக்சினும் (நச்சும்) குறையும். ஆனா சதை செத்துப் போன இடத்துக்கு ரத்தமே போகாது, ரத்தம் போகாத இடத்துக்கு மருந்து எப்படி போகும்? சர்ஜன் வெட்டி எடுத்தே ஆகணும், தள்ளிப் போட்டா ஆள காப்பாத்துறது கஷ்டம். ரத்த கல்ச்சர்ல (ரத்தத்துல கிருமிய வளத்து பாக்குற டெஸ்ட்) மணி கோத்த மாதிரி செயின் தெரிஞ்சா நான் ரிப்போர்ட் டைப் பண்ண உக்கார மாட்டேன், மொதல்ல வார்டுக்கு போன் தான்.

கேள்வி: பையனுக்கு சின்னம்மை போட்டிருக்கு, அஞ்சு வயசு. இதுக்கும் ஸ்ட்ரெப்புக்கும் சம்பந்தம் இருக்கா மேடம்?

பதில்: இருக்கு மா. கொப்புளம் உடைஞ்ச இடம் கிருமிக்கு தெறந்த கதவு மாதிரி. நகத்த ஒட்ட வெட்டி விடுங்க. காய்ச்சல் விட்டு மறுபடி ஏறினா, இல்ல ஒரு கொப்புளத்த சுத்தி சிவந்து, வீங்கி, தொட்டாலே அழுதா உடனே காட்டுங்க. ஐபுப்ரோஃபென் மட்டும் வேண்டாம், டாக்டர் சொல்ற அளவுல பாரசிட்டமால் போதும். ஃப்ளூ வந்தவங்க, புதுசா பிரசவம் ஆனவங்க, சுகர் இருக்குறவங்க, வயசானவங்க எல்லாரும் கொஞ்சம் கவனமா இருக்கணும்.

கேள்வி: அக்கா அவசரம். அப்பாவுக்கு முந்தாநாள் கெண்டைக்கால்ல அடி, காயம்னு ஒன்னுமே இல்ல, லேசா சிவப்பு தான். ஆனா வலில கத்துறார், காய்ச்சல் 102, வாந்தி வேற. சுளுக்கா இருக்கும்னு தைலம் தேச்சோம். காலைல கூட்டிட்டு போலாமா?

பதில்: காலை வரைக்கும் வேண்டாம்பா, இப்பவே எமர்ஜென்சிக்கு கூட்டிட்டு போங்க. காயமே இல்லாம உள்ளடி பட்ட இடத்துல கூட சதைய அழிக்குற இந்த ஸ்ட்ரெப் வரும். கண்ணுக்கு தெரியுறது கொஞ்சம், வலி மட்டும் தாங்க முடியாத அளவு, அது தான் இதோட மொத அடையாளம், தோல் கருத்து கொப்புளம் வர்றதெல்லாம் அப்புறம். இதுவாவே இருக்கணும்னு இல்ல, ஆனா இல்லன்னு டாக்டர் பாத்து சொல்லட்டும். தேய்க்காதீங்க. சிவப்போட ஓரத்துல பேனாவால கோடு போட்டு நேரம் எழுதிட்டு போங்க, எவ்ளோ வேகமா பரவுதுன்னு அங்க பாத்ததும் தெரியும். "அடி லேசு தான், வலி தான் ரொம்ப அதிகம்"னு இதே வார்த்தைல சொல்லுங்க. போய் சேந்ததும் எனக்கு ஒரு வரி எழுதுங்க, முழிச்சுட்டு தான் இருப்பேன்.