காடர் பிள்ளைகளுக்கு நன்கொடை: நடுவில் ஒருவர் எதற்கு?

கேள்வி: வங்கியில் ஓய்வு பெற்று ஆதம்பாக்கத்தில் இருக்கிறேன். ஆனைமலைப் பக்கம் காடர் பழங்குடிப் பிள்ளைகளுக்குச் சூழல் கல்வியும், கூடவே இருவாச்சிப் பறவை ஆராய்ச்சியும் நடத்தும் ஓர் அறக்கட்டளைக்கு ஒரு லட்சம் தர நினைக்கிறேன். ‘ஆராய்ச்சி என்பதால் 150 சதவீதம் வரிக்கழிவு, நானே முடித்துத் தருகிறேன்’ என்கிறார் ஒரு கன்சல்டன்ட். அமெரிக்காவில் உள்ள மகனும் பணம் தர விரும்புகிறான். என்ன செய்யலாம்?

பதில்: அந்த 150 சதவீதம் 2020 மார்ச்சோடு போய்விட்டது சார். அதுவும் தொழில் நடத்துகிறவர்களுக்கு இருந்த சலுகை. பென்ஷன்காரருக்கு அதைச் சொல்கிறவரிடம் மேற்கொண்டு பேசாதீர்கள்.

புதிய வரி முறையில் ரிட்டர்ன் போடுகிறீர்களா? அப்படியானால் கழிவே இல்லை, மனதுக்காகக் கொடுங்கள். பழைய முறை என்றால் நன்கொடைக்கான 80ஜி பிரிவில் பாதி, அதாவது அதிகபட்சம் 50,000 ரூபாய் வருமானத்தில் கழியும்; வருமானத்தில் பத்து சதவீதம் வரையிலான நன்கொடைதான் கணக்கில் வரும். நீங்கள் 20 சதவீத வரம்பில் இருந்தால் மிச்சம் அதிகபட்சம் பத்தாயிரம் சொச்சம், அவ்வளவுதான். (2026 ஏப்ரல் முதலான புதுச் சட்டத்தில் பிரிவு எண்கள் வேறு. நான் பழக்கமான எண்களையே சொல்கிறேன்.) ஆராய்ச்சிக்கு முழுக்கழிவு தரும் 80ஜிஜிஏ பிரிவு வேண்டுமானால், ஆராய்ச்சி நிறுவனம் என்று தனி அங்கீகாரம் இருக்க வேண்டும். பறவை எண்ணுகிறார்கள் என்பது மட்டும் போதாது.

அறக்கட்டளையின் வங்கிக் கணக்குக்கு நீங்களே அனுப்புங்கள். ரொக்கம் 2,000 ரூபாய்க்கு மேல் போனால் கழிவு கிடையாது. ‘செக் கொடுங்கள், எண்பதாயிரம் கையில் திருப்பித் தருகிறோம்’ என்று ஒரு கூட்டம் அலைகிறது. மாட்டினால் நோட்டீஸ் உங்கள் வீட்டுக்குத்தான் வரும், தரகர் போனை எடுக்க மாட்டார். ‘தர்பனில் (தொண்டு நிறுவனங்களுக்கான அரசுத் தளம்) பதிவு இருக்கிறது’ என்று காட்டுவார்கள். அது வெறும் பதிவு எண், நற்சான்றிதழ் அல்ல.

பளபளப்பான ரசீதும் போதாது. அறக்கட்டளை வருமான வரித் தளத்தில் கணக்குக் கொடுத்து, மே 31-க்குள் உங்களுக்கு 10பிஇ என்ற நன்கொடைச் சான்றிதழ் தர வேண்டும். உங்கள் பேன் எண்ணில் ஓர் எழுத்து தவறினாலும் கழிவு நிற்கும், திருத்தச் சொல்லி நீங்கள்தான் அவர்கள் பின்னால் அலைய வேண்டும். பணம் வங்கி வழியாகவே போயிருக்கிறது, இரண்டு பேன் எண்களும் துறையிடமே இருக்கின்றன. அப்புறமும் எதற்கு இந்தக் கூத்தோ!

ஆனைமலைப் புலிகள் காப்பகத்துக்குள் ஆராய்ச்சி செய்ய வனத்துறை அனுமதி வேண்டும். அந்த ஆணையின் நகலைக் கேளுங்கள். உண்மையாக வேலை செய்கிறவர்கள் யோசிக்காமல் எடுத்துக் காட்டுவார்கள். பிள்ளைகள் கையில் நோட்டுடன் நிற்கும் போட்டோ எதற்கும் ஆதாரமாகாது.

இனி மகன் விஷயம். பலரும் கோட்டை விடுவது இங்கேதான். அவரிடம் இந்தியப் பாஸ்போர்ட் இருந்தால், அமெரிக்காவில் இருபது வருடம் இருந்திருந்தாலும், தன் சேமிப்பிலிருந்து வங்கி வழியாகத் தருவது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. அறக்கட்டளைக்குப் பாஸ்போர்ட் நகல் கொடுத்தால் போதும். அமெரிக்கக் குடியுரிமை வாங்கிவிட்டாரா? இந்திய வம்சாவளியினருக்கான ஓசிஐ அட்டை இருந்தாலும் சட்டத்தின் கண்ணில் அவர் வெளிநாட்டவர். அறக்கட்டளைக்கு எஃப்சிஆர்ஏ என்ற வெளிநாட்டு நன்கொடைச் சட்டப்படி பதிவு வேண்டும், பணமும் முதலில் டெல்லியில் உள்ள ஸ்டேட் வங்கி முதன்மைக் கிளைக் கணக்கில்தான் விழ வேண்டும். ‘அப்பா கணக்குக்கு அனுப்பு, அவர் கொடுக்கட்டும்’ என்று கன்சல்டன்ட் யோசனை சொல்வார். வேண்டாம். ஒருவர் கை மாறி வந்தாலும் அது வெளிநாட்டு நன்கொடைதான், சட்டமே அப்படிச் சொல்கிறது. பதிவில்லாமல் வாங்கினால் சிக்குவது அந்த அறக்கட்டளை.

கடைசியாக, பணத்தோடு ஒரு கடிதம் வையுங்கள். உள்ளூர்க் கள உதவியாளரின் சம்பளத்துக்கு என்று எழுதினால் நல்லது. பேனருக்கும் புத்தகப் பைக்கும் கொடுக்க ஆள் உண்டு, சம்பளத்துக்குத்தான் இல்லை. அச்சடித்த கடிதம் ஏதும் நீட்டினால், ‘கார்ப்பஸ்’ என்ற சொல் இருக்கிறதா என்று படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடுங்கள். இருந்தால் உங்கள் பணம் முதலீட்டில் உட்கார்ந்துவிடும், வட்டிதான் காட்டுக்குப் போகும்.