வெள்ளைக் குருத்துக்கு உரம் எதற்கு?

கேள்வி: தென்னை நாற்றங்காலில் மூன்று நெற்றுகள் பால் வெள்ளையாய்க் குருத்து விட்டிருக்கின்றன. மூன்றும் ஒரே மரத்து நெற்று. இரும்புச் சத்து தெளித்தும் பச்சை ஏறவில்லையே?
- வாசகர், கொழிஞ்சாம்பாறை

பதில்: ஏறாது. இரும்புப் பற்றாக்குறையில் இளம் இலையின் நரம்பு பச்சையாகவே நிற்கும், இடைப்பகுதிதான் மஞ்சளாகும். நரம்போடு சேர்ந்து வெளுத்திருந்தால் கோளாறு பசுங்கணிகத்தில், அதாவது செல்லுக்குள் பச்சையத்தை வைத்துக்கொண்டு ஒளிச்சேர்க்கை செய்யும் நுண்ணுறுப்பில்.

பசுங்கணிகத்துக்கென்று தனி டிஎன்ஏ உண்டு. தென்னையில் அதன் நீளம் சுமார் ஒன்றரை லட்சம் எழுத்து. ஆனால் அங்கே தேவைப்படும் ஆயிரக்கணக்கான புரதங்களில் பெரும்பாலானவற்றுக்கு மரபணு இருப்பது செல்லின் உட்கருவில். முதலில் உட்கரு அனுப்பும் ஆர்என்ஏ பாலிமரேஸ், அதாவது டிஎன்ஏவைப் பார்த்து ஆர்என்ஏ படி எடுக்கும் நொதி, வந்து பசுங்கணிக டிஎன்ஏவைப் படிக்கிறது. அந்தப் படிகளிலிருந்துதான் இரண்டாவது பாலிமரேஸ் உருவாக வேண்டும். அதைக் கட்டப் பசுங்கணிகத்தின் சொந்த ரைபோசோம், அதாவது புரதம் கட்டும் பட்டறை, வேண்டும். ஒளிச்சேர்க்கை மரபணுக்களைப் பெருமளவு படிப்பது இந்த இரண்டாவதுதான். எந்த மரபணுவில் தொடங்குவது என்று காட்டும் சிக்மா புரதம் மறுபடி உட்கருவிலிருந்து வர வேண்டும். ரைபோசோம் அமையாவிட்டால் சங்கிலி அங்கேயே அறுந்துவிடும், குருத்து வெள்ளைதான்.

பசுங்கணிக டிஎன்ஏ சுலபத்தில் கெடுவதில்லை. ஓர் இலைச் செல்லில் நூற்றுக்கணக்கில், ஏன் ஆயிரக்கணக்கில்கூட நகல்கள் இருக்கும். ஒன்று பழுதானால் இன்னொன்றைப் பார்த்துத் திருத்திக்கொள்ளும். அதையும் மீறித் தங்கிய பிழை, செல் பிரியப் பிரிய ஒருபக்கமாய்ச் சேர்ந்தால் பச்சையும் வெள்ளையுமாய்ப் பட்டை விழும். நம் வாசலில் பூக்கும் அந்தி மந்தாரையில்தான் 1909-இல் கார்ல் கோரன்ஸ் என்ற ஜெர்மன் தாவரவியலாளர் இதைக் கண்டார்: வெள்ளைக் கிளையில் காய்த்த விதை, பச்சைக் கிளையின் மகரந்தம் பட்டாலும், வெள்ளை நாற்றையே தந்தது. அதாவது இந்தப் பிழை தாய்வழி வருவது.

உங்கள் மரத்தில் பிழை பசுங்கணிகத்திலா உட்கருவிலா என்பதை இலையைப் பார்த்துச் சொல்ல முடியாது. உட்கருப் பிழை என்றால் தாய், தந்தை இரண்டு மரத்திலும் அது ஒளிந்திருக்க வேண்டும். எதுவானாலும் தாய்மரத்துக்குப் பங்குண்டு. அதில் அடையாளம் போட்டுவிட்டு விதை நெற்று எடுப்பதை நிறுத்துங்கள். வெள்ளைக் கன்று நெற்றுக்குள் இருக்கும் பருப்பைத் தேங்காய்ப்பூ வழியாக உறிஞ்சிக் கொஞ்ச காலம் நிற்கும். அது தீர்ந்ததும் காயும். பிடுங்கிவிடலாம்.

கேள்வி: நிழல்வலையை எடுத்ததும் நல்ல கன்றும் வெளுக்கிறதே, அதுவும் மரபணுக் கோளாறா?
- வாசகி, வேலந்தாவளம்

பதில்: இல்லை அம்மா. வெயிலில் முதலில் பழுதாவது ஒளிச்சேர்க்கைக்கு வேண்டிய டி1 என்ற புரதம். அதன் மரபணு பசுங்கணிகத்திலேயே இருக்கிறது. வெளிச்சம் பட்டதும் புதிது கட்டும் வேலை முடுக்கிவிடப்படும். நிழலில் வளர்ந்த இலையில் பழுதாகும் வேகத்துக்குக் கட்டும் வேகம் ஈடுகொடுக்காது. முதலில் காலை வெயில் மட்டும் படட்டும். இரண்டு வாரத்தில் நேரத்தைக் கூட்டிக்கொண்டே போய் வலையை முழுதாக எடுங்கள். அதுவரை மண் காயக் கூடாது.