விரல் மரத்துப்போனால் கழுத்தைப் படமெடுக்க வேண்டுமா?

கழுத்து வலி, முதுகு வலி, காரணம் புலப்படாத மரமரப்பு ஆகியவற்றுக்கு ஸ்கேன் எடுப்பது பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் ஐந்துக்கு நரம்பியல் மருத்துவர் பதிலளிக்கிறார்.

கேள்வி: எனக்கு வயது 46. இரண்டு மாதங்களாகக் கழுத்தில் தொடங்கும் வலி வலது தோள்பட்டை வழியாகக் கைக்கு இறங்குகிறது. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் மரத்துப்போகின்றன. எக்ஸ்ரேயில் 'லேசான தேய்மானம்' என்று எழுதியிருக்கிறார்கள். எம்.ஆர்.ஐ. எடுத்தால்தான் உண்மை தெரியும் என்கிறார்கள் உறவினர்கள். இப்போதைக்குத் தேவையில்லை என்கிறார் மருத்துவர். யார் சொல்வதைக் கேட்பது?

பதில்: எக்ஸ்ரே காட்டுவது எலும்பைத்தான். எலும்புகளுக்கு நடுவில் இருக்கும் டிஸ்க் அதில் வெறும் இடைவெளியாகத் தெரியும்; நரம்பு தெரியவே தெரியாது. ஆகவே 'லேசான தேய்மானம்' என்ற வரி உங்கள் விரல் ஏன் மரக்கிறது என்பதற்கு விடை ஆகாது. உங்கள் வயதில் எந்தத் தொந்தரவும் இல்லாத பலருடைய எக்ஸ்ரேயிலும் அதே வரியை எழுதலாம். டிஸ்கையும் நரம்பையும் காட்டுவது காந்தத்தைக் கொண்டு படமெடுக்கும் எம்.ஆர்.ஐ.தான். இந்த அளவில் உறவினர்கள் சொல்வது சரிதான். ஆனாலும் மருத்துவர் உங்கள் கையைத் தொட்டு, முறையாகச் சோதித்த பிறகு அப்படிச் சொல்லியிருந்தால், நான் அவர் பக்கம்.

கழுத்தில் 7 எலும்புகளும் 8 இணை நரம்புகளும் இருக்கின்றன. கட்டைவிரல் பக்கத்து உணர்ச்சி பெரும்பாலும் 6-ஆவது நரம்புக்கும், நடுவிரல் 7-ஆவது நரம்புக்கும், சுண்டுவிரல் 8-ஆவது நரம்புக்கும் உரியவை. எந்த விரல் மரக்கிறது, முழங்கையை மடக்கும் வலு குறைந்திருக்கிறதா அல்லது நீட்டும் வலுவா, சிறு சுத்தியலால் தட்டும்போது கை வழக்கம்போல் துள்ளுகிறதா என்பவற்றைக் கொண்டே எந்த நரம்பு வேர் அழுத்தப்படுகிறது என்று ஏறக்குறையச் சொல்லிவிட முடியும். டிஸ்க் பிதுங்கியதால் வரும் இத்தகைய வலி பெரும்பாலோருக்குச் சில வாரங்களிலிருந்து சில மாதங்களுக்குள் தணிகிறது. பிதுங்கிய பகுதி தானாகவே சுருங்கிவிடுவதும் உண்டு. கையில் வலுக்குறைவு இல்லாதவர்களுக்கு 6 வாரங்கள் வரை மருந்தும் பயிற்சியுமாகப் பொறுத்துப் பார்ப்பது இதனால்தான். நீங்கள் அந்தக் கெடுவைத் தாண்டிவிட்டீர்கள். வலி குறைந்துகொண்டு வருகிறதென்றால் இன்னும் காத்திருக்கலாம். அப்படியே நிற்கிறது அல்லது கூடுகிறது என்றால் எம்.ஆர்.ஐ. கேட்பதில் தவறில்லை. விழுந்து அடிபட்டவர்கள், காய்ச்சலோ காரணமில்லாத எடைக்குறைவோ இருப்பவர்கள், முன்பு புற்றுநோய் வந்தவர்கள், நெடுநாள் ஸ்டீராய்டு எடுத்தவர்கள், கையின் வலு குறைந்துகொண்டே போகிறவர்கள் ஆகியோர் இந்த 6 வாரக் கணக்கில் சேர மாட்டார்கள்.

இன்னொன்றையும் கவனியுங்கள். நள்ளிரவில் விரல்கள் மரத்து விழிப்பு வந்து, கையை உதறினால் சரியாகிறதா? அப்படியானால் கோளாறு மணிக்கட்டில் இருக்கலாம். அங்கே ஒரு குறுகிய வழியாகச் செல்லும் நரம்பு அழுத்தப்படுவதைக் கார்ப்பல் டனல் என்கிறோம். அதுவும் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும்தான் மரக்கச் செய்யும். அதைக் கண்டுபிடிக்க உதவுவது, நரம்பு வழியாக மின்துடிப்பு எப்படிச் செல்கிறது என்று அளக்கும் நரம்புக் கடத்தல் பரிசோதனை. கழுத்தை எத்தனை முறை படமெடுத்தாலும் அது தெரியாது.

கேள்வி: வயது 58. எம்.ஆர்.ஐ. அறிக்கையில் கழுத்தில் மூன்று இடங்களில் 'டிஸ்க் பல்ஜ்' (டிஸ்க் பிதுக்கம்) என்றும், தண்டுவட உறையை அது அழுத்துகிறது என்றும் இருக்கிறது. எடுத்தபோது இருந்த தோள் வலி இப்போது முக்கால்வாசி குறைந்துவிட்டது. ஆனால் அறிக்கையைப் படித்ததிலிருந்து தூக்கமில்லை. அறுவை சிகிச்சை தேவைப்படுமா?

பதில்: ஜப்பானில் எந்தத் தொந்தரவும் இல்லாத 1211 பேருக்குக் கழுத்து எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்து, 2015-இல் முடிவை வெளியிட்டார்கள். 20 வயதினர் முதல் 70 வயதைக் கடந்தவர்கள் வரை அதில் இருந்தார்கள். 87.6 விழுக்காட்டினரின் படத்தில் டிஸ்க் பிதுக்கம் இருந்தது. அவர்கள் வலியென்று மருத்துவரிடம் போனவர்கள் அல்லர் என்பதை நினைவில் வையுங்கள். இடுப்புப் பகுதிக்கும் இதே கதைதான்: வலியில்லாதவர்களைப் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்து அதே ஆண்டில் வெளியான ஒரு கட்டுரையின்படி, டிஸ்க் தேய்மானம் 20 வயதினரில் 37 விழுக்காட்டினருக்கும் 80 வயதினரில் 96 விழுக்காட்டினருக்கும் தெரிகிறது.

அறிக்கை எழுதியவர் உங்கள் படத்தைப் பார்த்திருக்கிறாரே தவிர, உங்களைப் பார்த்ததில்லை. கண்ணில் பட்ட அனைத்தையும் எழுதிவைப்பது அவருடைய கடமை. அவற்றுள் எது உங்கள் வலிக்குக் காரணம், எது சும்மா இருக்கிறது என்று பிரிப்பது உங்களைச் சோதித்த மருத்துவரின் வேலை. வலி இடது தோளில் இருக்க, பிதுக்கம் வலது பக்க நரம்பைத் தொட்டுக்கொண்டிருந்தால், அந்தப் பிதுக்கத்தின் மீது பழி போட முடியாது. அறிக்கையில் நான் தேடுவது வேறு இரண்டு செய்திகளை: உறையோடு நிற்காமல் தண்டுவடமே நசுங்கியிருக்கிறதா, அதன் உள்ளே நிறமாற்றம் தெரிகிறதா என்பவை. அவை இல்லாமல், வலியும் இறங்குமுகமாக, கைகால் வலுவும் குறையாமல் இருக்கும்போது அறுவை சிகிச்சையைப் பற்றிப் பேசவே வேண்டியதில்லை. 'ஜவ்வு விலகிவிட்டது' என்று யாராவது சொன்னதைக் கேட்டு, நல்ல உடம்பை மாதக்கணக்கில் கழுத்துப் பட்டைக்குள் பூட்டி வைத்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். பட்டையால் கழுத்துத் தசைகள் சோர்ந்ததுதான் மிச்சம்.

கேள்வி: என் தந்தைக்கு வயது 67. ஆறு மாதங்களாகக் கால்கள் மரத்து, நடக்கும்போது தள்ளாடுகிறார். இடுப்பு எம்.ஆர்.ஐ.யில் பெரிதாக ஒன்றுமில்லை என்றார்கள். இப்போது சட்டைப் பொத்தான் போடவும் சிரமப்படுகிறார். வலி அதிகமில்லை. வயதின் காரணமாகத்தான் இப்படியா?

பதில்: இந்தக் கடிதத்தைத்தான் முதலில் வெளியிட்டிருக்க வேண்டும். இதை வயதின் மேல் போட்டுவிடாதீர்கள். இந்த வாரமே நரம்பியல் மருத்துவரிடமோ முதுகுத்தண்டு அறுவை மருத்துவரிடமோ அழைத்துச் செல்லுங்கள்.

கால் மரத்தால் இடுப்பைப் படமெடுப்பது பலருக்கும் தோன்றும் வழி. ஆனால் தண்டுவடம் இடுப்பின் அடிவரை நீள்வதில்லை. பெரியவர்களுக்கு அது இடுப்புப் பகுதி முதுகெலும்புகளில் முதலாவதும் இரண்டாவதும் சேரும் இடத்தையொட்டி முடிந்துவிடுகிறது. அதற்குக் கீழே இருப்பவை நரம்பு இழைகள் மட்டுமே. இடுப்புப் படத்தில் தண்டுவடத்தின் கடைசி நுனிதான் அகப்படுகிறது. காலுக்குச் செல்லும் பாதைகள் அனைத்தும் கழுத்து வழியாக இறங்குவதால், கழுத்தில் தண்டுவடம் நெருக்கப்பட்டால் முதலில் முறையிடுவது காலாகவும் இருக்கலாம். கால் மரப்போடு கை விரல்களின் நுண்வேலையும் கெடுகிறதென்றால் இரண்டுக்கும் பொதுவான இடம் இடுப்பாக இருக்க முடியாது, கழுத்தைப் பார்த்தே ஆக வேண்டும். கையெழுத்து மாறியிருக்கிறதா, சாவியைத் திருப்பத் தடுமாறுகிறாரா, தலையைக் குனியும்போது முதுகு வழியாக மின்சாரம் பாய்வதுபோல் இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். மருத்துவர் தட்டிப் பார்க்கும்போது கால்கள் அளவுக்கு மீறித் துள்ளினால் சந்தேகம் வலுக்கும். கழுத்தில் ஒன்றும் கிடைக்காவிட்டால் நடுமுதுகையும் படமெடுக்க வேண்டும்.

வலியில்லாதது நல்ல அறிகுறி என்று எண்ணவேண்டாம். தண்டுவட நெருக்கம் வலியே இல்லாமல் முற்றக்கூடியது. அறுவை சிகிச்சை தேவைப்பட்டால் அதன் முதல் நோக்கம் மேலும் கெடாமல் நிறுத்துவதுதான், ஏற்கெனவே இழந்தது முழுவதும் திரும்பும் என்று உறுதி கூற முடியாது. அதனால்தான் அவசரப்படுத்துகிறேன். நோய் இன்னதென்று தெரியும் வரை கழுத்தைச் சொடுக்கெடுக்க யாரையும் அனுமதிக்காதீர்கள். சிறுநீர் கழிக்க முடியாமல் போனாலோ, மலம் கட்டுப்பாட்டை மீறினாலோ, இருக்கையில் படும் பகுதி மரத்தாலோ அன்றைக்கே மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குச் செல்லுங்கள்.

கேள்வி: எம்.ஆர்.ஐ. குழாய்க்குள் போனால் மூச்சு முட்டும் என்று பயமாக இருக்கிறது. எனக்குப் பேஸ்மேக்கரும் பொருத்தியிருக்கிறார்கள். பதிலுக்கு சி.டி. எடுத்துக்கொள்ளலாமா?

பதில்: பயத்தைவிடப் பேஸ்மேக்கர்தான் முதலில் தீர்க்க வேண்டியது. வழக்கமான கருவியின் காந்தம் 1.5 டெஸ்லா வலிமை உடையது, அதாவது பூமியின் காந்தப்புலத்தைப் போல் ஏறக்குறைய 30,000 மடங்கு. படம் எடுக்காத நேரத்திலும் அது இயங்கிக்கொண்டேதான் இருக்கும். குறிப்பிட்ட நிபந்தனைகளோடு எம்.ஆர்.ஐ.க்கு ஏற்ற பேஸ்மேக்கர்கள் இன்று இருக்கின்றன. உங்களுடையது எந்த வகை என்பது பொருத்தியபோது கொடுத்த அட்டையில் இருக்கும். அதை இதய மருத்துவரிடம் காட்டி ஒப்புதல் பெறாமல் அறைக்குள் போகக் கூடாது. மூளை ரத்தக்குழாயில் கிளிப், காதுக்குள் பொருத்திய செவிக்கருவி, உலோகத் தொழிலில் கண்ணுக்குள் தெறித்த துகள் ஆகியவற்றையும் கேட்காமலே சொல்லிவிட வேண்டும்.

குழாய்க்குள் 20 முதல் 45 நிமிடம் அசையாமல் படுக்க வேண்டும், சத்தம் பலமாக இருக்கும், காதடைப்பு தருவார்கள், கையில் இருக்கும் பந்தை அழுத்தினால் வெளியே எடுத்துவிடுவார்கள். முன்கூட்டியே சொன்னால் பதற்றம் தணிய மாத்திரையும் தருவார்கள். சி.டி. எலும்பை நன்றாகக் காட்டும், எலும்பு முறிவுக்கு அதுவே சிறந்தது; டிஸ்கையும் தண்டுவடத்தையும் அந்த அளவுக்குக் காட்டாது, கதிர்வீச்சும் உண்டு. எம்.ஆர்.ஐ. அறவே கூடாதவர்களுக்கு, தண்டுவடத்தைச் சுற்றியுள்ள நீருக்குள், படத்தில் பளிச்சென்று தெரியும் மருந்தைச் செலுத்தி சி.டி. எடுக்கும் மைலோகிராம் இருக்கிறது.

கேள்வி: வயது 34. இரண்டு பாதங்களும் மரக்கின்றன, எரிகின்றன. முழு முதுகுத்தண்டு எம்.ஆர்.ஐ.யும் இயல்பாக இருக்கிறது. மனப்பிரமை என்கிறார்கள். மறுபடியும் எடுக்கட்டுமா?

பதில்: வேண்டாம், மனப்பிரமை என்பதையும் ஏற்கவேண்டாம். இரண்டு பாதங்களிலும் ஒரே அளவாக, விரல் நுனியில் தொடங்கி மேலேறும் மரப்பு பெரும்பாலும் முதுகுத்தண்டிலிருந்து வருவதில்லை, காலின் நீண்ட நரம்புகளிலேயே தொடங்குகிறது. ரத்தச் சர்க்கரை, பி-12, தைராய்டு ஆகியவற்றைச் சோதியுங்கள். மதுப்பழக்கமும் சில மருந்துகளும் இதைச் செய்யும் என்பதால் அவற்றை மறைக்காமல் மருத்துவரிடம் சொல்லுங்கள். பிறகு நரம்புக் கடத்தல் பரிசோதனை. அது தடித்த நரம்புகளை மட்டுமே அளப்பது. எரிச்சலை உணர்த்தும் மெல்லிய இழைகளின் கோளாறு அதில் தெரியாது, ஆகவே அதுவும் இயல்பாக வந்தால் சோர்ந்துவிடாதீர்கள், அந்த இழைகளுக்கெனத் தோல் மாதிரி எடுத்துப் பார்க்கும் வழி இருக்கிறது. மரப்பு ஒரு பக்கத்துக்கு மாறினாலோ, வலு குறைந்தாலோ, ஒரு கண்ணின் பார்வை மங்கினாலோ அப்போது மூளையையும் சேர்த்துப் படமெடுக்க வேண்டிவரும். அன்று இப்போதைய எம்.ஆர்.ஐ. படங்கள் பதிவான குறுந்தட்டையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள். அறிக்கைத் தாள் மட்டும் இருந்தால் புதிய படத்தை ஒப்பிட எதுவும் இருக்காது.